பல்சார் வரவு செலவு

செத்துப்போன ஒரு நட்சத்திரம் கோவில்பட்டியில் மணிக்கு இருபது ரூபாய்க்குக் கிடைத்தது. ஐந்து மிஷினைச் சேர்த்து எடுத்தால் மிஷினுக்குப் பதினெட்டு என்றாள் பிரவுசிங் சென்டர் விஜி. பன்னிரண்டுக்கு மேல் பைசா கிடையாது என்றாள் தீப்பெட்டி டிப்போக்காரர் மகள் கல்யாணசுந்தரி.

"ஏட்டி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாக்கும். சாட்டிங்குக்குப் பயலுவ வரிசை கட்டி நிப்பானுவ. ஒனக்காக அம்புட்டுப் பேரையும் வெரட்டணும்."

"அவனுவ அரை மணியில எந்திச்சிருவானுவ. நான் சாயங்காலம் வரைக்கும் அசைய மாட்டேன். மொத்த யாவாரம்ட்டி."

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தி ரப்பரை ஒருத்தி அமுக்கியவர்கள். பதினாலில் படிந்தது.

கல்யாணசுந்தரி புனேயில் வானியல் ஆராய்ச்சி செய்கிறவள். அக்கா மகள் சடங்குக்கு ஊர் வந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள். அவளுடைய சரக்கு ஒரு பல்சார். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்தபின், தாலுகா அளவுக்குச் சுருங்கி, விநாடிக்குப் பத்துச் சுற்று சுற்றுகிற மிச்சம். சுற்றுகிற வேகத்தில் எலக்ட்ரான்களை வாரி இறைக்கும்; இறைத்தது சுற்றிலும் நெபுலா என்னும் ஒளிமேகமாகத் தேங்கும். அந்த மேகத்திலிருந்து காமாக் கதிர் வருவதை ஆப்பிரிக்கப் பாலைவனத்துத் தொலைநோக்கிகள் பிடித்திருந்தன. அது இந்தப் பல்சாரின் கைவரிசைதான் என்று கணினிக் கணக்கில் காட்ட வேண்டும். அதற்குத்தான் மூன்று வருஷ உழைப்பு.

ஆனால் காமாக் கதிருக்கு ஆகிற செலவில் மூன்றில் ஒரு பங்குதான் பல்சாரின் வரவில் தேறியது. கைடு மெயில் அனுப்பியிருந்தார்: திங்கள் காலை பத்து மணிக்குக் கட்டுரை போகிறது, அதற்குள் கணக்கு நேராகாவிட்டால் உன் பகுதியை எடுத்துவிட்டு, 'இது இந்தப் பல்சாரின் வேலையே இல்லை' என்று இன்னொருவர் எழுதியதைப் போடுகிறோம்.

ஐந்து மிஷினிலும் ஐந்து விதக் காந்தப்புலம் கொடுத்து ஓட்டினாள். பதினொன்றரைக்கு ஐந்தும் முடிந்தன. ஐந்திலும் அதே மூன்றில் ஒன்று.

கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே விஜி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் அப்பாவுக்குக் கடலை மிட்டாய்க் கடை. பேரேட்டைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவள்.

"என்னட்டி, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்க?"

"வரவு ஒண்ணு, செலவு மூணு."

"ஒங்க டிப்போவுக்கா?"

"நட்சத்திரத்துக்கு."

"கடன் வாங்கியிருக்கும்."

"அங்கன எவன் குடுப்பான்?"

"அப்பம் சேத்து வச்சது இருக்கும். முன்னிருப்பு எவ்வளவு எழுதியிருக்க?"

"சைபர்."

விஜிக்குப் புரையேறிவிட்டது. "தீப்பெட்டி டிப்போவுல பொறந்துட்டு இப்பிடியா எழுதுவ? கடை தொறந்து எத்தன வருசம் ஆச்சு?"

"இருவதாயிரம்."

"கணக்கு எப்பலேருந்து எழுதுத?"

"கடைசி ஐயாயிரத்துக்கு." கல்யாணசுந்தரியின் குரல் இறங்கியது. "முழுசும் ஓட்டுனா நாலு மடங்கு நேரம் ஆகும். மிச்சம் பிடிச்சேன்."

சொல்லி முடிக்குமுன் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பழைய எலக்ட்ரான்கள் எரிந்து தீர்ந்திருக்கும் என்று முதல் வருஷமே முடிவுகட்டிப் பெட்டியைக் காலியாக வைத்திருந்தாள். எக்ஸ் கதிர் விடுகிற எலக்ட்ரான்களுக்கு அது சரி. அவை கைக்கு வந்ததை அன்றே அழிக்கிற ஊதாரிகள். காமாக் கதிருக்குக் காரணமானவை வேகம் கொஞ்சம் குறைந்த சிக்கனக்காரர்கள். வானமெங்கும் பரந்த குளிர்ந்த ஒளியை எப்போதாவது ஒருமுறை முட்டிக் காமாக் கதிராக எகிறவைப்பார்கள். பதினைந்தாயிரம் வருஷத்துக்கு முந்தியவர்கள்கூட இன்னும் கையில் காசோடு திரிவார்கள். அதுமட்டுமா? இளவட்டத்தில் பல்சார் இன்னும் வேகமாகச் சுற்றியிருக்கும். அன்றைய வரவு இன்றையதைப் போலப் பல மடங்கு!

"விஜி, ஒரு மிஷினையும் எவனுக்கும் குடுத்துராத. இருவதாயிரத்தையும் ஓட்டணும். ஏழு மணி ஆகும்!"

"ஏழு வரைக்கும்னா இருவது ரூவா ரேட்டுதான்."

"சரி."

விஜி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் அடிக்கா? பேரம் பேச மாட்டேங்க?"

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து மூன்று போன் வந்தது. கல்யாணசுந்தரி போகவில்லை. எக்ஸ் கதிர் அளவுகளோடு, தொலைநோக்கிகள் அளந்த ஒன்பது காமாப் புள்ளிகளையும் திரையில் குத்திவைத்துவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு ஐந்து மிஷினுக்கும் நடையாய் நடந்தாள்.

ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் மூன்றாவது மிஷினில் அவள் கணக்கின் கோடு கிளம்பியது. எக்ஸ் கதிர்ப் புள்ளிகளைப் பிசகாமல் தொட்டது. பள்ளத்தில் இறங்கிற்று. மறுபடி ஏறத் தொடங்கியது.

"ஏறுதுட்டி! ஏறுது!" என்ன ஏறுகிறதென்று தெரியாமலே விஜி கத்தினாள். "நாலு... அஞ்சு... ஒண்ணையும் விடலட்டி! ஒம்பதும் தொட்டுட்டு!"

இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் கீபோர்டு ஒன்று தரையில் விழுந்தது. ஏழேகாலுக்கு மெயில் போயிற்று. எட்டுக்குள் கைடு பதில் எழுதினார்: உன் பகுதியே இருக்கட்டும், ஆற்றல் கணக்கை ஒரு அட்டவணையாகப் போட்டு அனுப்பு.

பில் நோட்டின் பின்பக்கத்தில் கல்யாணசுந்தரி எழுத, விஜி விரல் மடக்கிக் கூட்டினாள். பல்சார் பிறந்தது முதல் வரவு நூறு என்று வைத்தால், மேகம் விரிந்ததில் கரைந்தது நாற்பத்தெட்டு. எக்ஸ் கதிரும் மற்ற ஒளியுமாக எரிந்தது இருபத்திரண்டு. காந்தப்புலத்தில் கிடப்பது மூன்று. காமாக் கதிர் ஒன்றே ஒன்று. எலக்ட்ரான்கள் கையில் மிச்சம் இருபது.

"தொண்ணூத்தி நாலுதான் வருது. ஆறு எங்கட்டி?"

"தெரியல. மேகத்தை விட்டே தப்பிச்சுப் போயிருக்கும்னு நெனைக்கேன்."

"நெனச்சதையெல்லாம் செலவுல எழுதக்கூடாது."

கல்யாணசுந்தரி மிஷினில் அட்டவணையின் கடைசி வரியைத் தட்டினாள்: கணக்கில் வராதது, ஆறு.