முதலாளி முகத்தில் நிழல் இல்லை

மலருக்கு நாலு வருசமாக ஒரே வேலைதான்: ஏற்காட்டில் பாலசுப்பிரமணியத்தின் லாட்ஜில் பெட்ஷீட் மடிப்பது. ஆசை மட்டும் வேறு. ஓர் அக்காவின் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, செல்போனில் விரலாலேயே முகம் வரையப் பழகியிருந்தாள். கோடு ஒரு லேயர், அதற்கடியில் தோல் நிறம் ஒரு லேயர், மேலே நிழல் ஒன்று, வெளிச்சம் ஒன்று. போட்டோவில் கன்னத்தைத் தொட்டால் போதும், அதே நிறம் விரலுக்கு வந்துவிடும். "நிழல்தான் மூக்கைத் தூக்கிக் காட்டும், அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்பது அந்த அக்காவின் உபதேசம்.

முதலாளிக்கு அறுபது பிறந்தது. சேலத்திலிருந்து மலையேறி வந்து லாட்ஜ் வைத்தவர், பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் வைக்காமல் அறுபதைத் தாண்டுவாரா?

"கண்ணு, என்ற மூஞ்சிய நீயே வரை. நல்லா வந்துச்சுன்னா வாசல்லயே ஒரு மேசை போட்டுத் தர்றேன். டூரிஸ்ட்டுகளை வரைஞ்சுட்டு உக்காந்திரு" என்றார்.

மலருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மேசையில் எந்தப் பக்கம் உட்காருவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

வரைந்து காட்டினாள். அச்சு அசலாக இருந்தார். அதுதான் குற்றம்.

"இவ்வளவு கருப்பாவா இருக்கறேன்?"

வெளுத்தாள்.

"கண்ணுக்குக் கீழ என்ன அழுக்கு?"

அழுக்கில்லை, நிழல். எடுத்தாள். தாடைக்கடியில் இருந்ததையும் எடுக்கச் சொன்னார். மூக்கோரத்து நிழல் போனபோது மூக்கும் கூடவே போனது. மிச்சமிருந்தது பவுடர் பூசிய இட்லி. "இப்பத்தான் நான் மாதிரி இருக்கறேன்" என்று மனுசர் பூரித்துப்போனார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், சுற்றிலும் மேகம், இடப்பக்கம் பிறந்த தேதி, வலப்பக்கம் விழா தேதி என்று ஆசை வளர்ந்துகொண்டே போனது. வாழ்த்து எழுத்து மட்டும் அடியில் பொடிசாக இருந்தால் போதுமாம், முகத்தை மறைக்கக் கூடாதாம்.

"ஏனுங்க, ரெண்டு தேதியும் வேணுங்களா?"

"சொன்னதைச் செய் கண்ணு. அறுபதுன்னு சனங்களுக்குத் தெரியோணுமில்ல."

செய்தாள். மேசை ஆசை யாரை விட்டது!

சாயங்காலம் பிளக்ஸ் ஏறியது. விடிந்ததும் கரடியூர் பஸ்ஸிலிருந்து, முதலாளிக்குப் பழக்கமான மாதையன் சாமந்தி மாலையோடு இறங்கினார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர்.

"நொம்ப நல்ல மனுசருங்க. போன வாரங்கூட என்னை வாய்க்கு வந்தபடி பேசினாரு. இனி அதையெல்லாம் நெனச்சு என்ன பண்றதுங்க" என்று லாட்ஜ் வாசலில் மூக்கைச் சிந்தினார். முதலாளியின் மனைவி மீனாட்சி காப்பி டம்ளரோடு முழித்தாள். "அதிர்ச்சியில இருக்கறாங்க, அழ வைங்க" என்று ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, வாயில் பிரஷ்ஷோடு முதலாளி வெளியே வந்தார். மாதையன் கையிலிருந்த மாலை படியில் விழுந்தது.

அப்புறம் என்ன, இடி மலர் தலையில்தான்.

"மேசையும் கெடையாது, கீசையும் கெடையாது! போய் பெட்ஷீட்டை மடி!"

கொடுமையைப் பாருங்கள். வெளுக்கச் சொன்ன வாய் ஒன்று, திட்டு வாங்கிய தலை வேறொன்று. மலர் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே மடித்தாள். இனி இந்தக் கர்மமே வேண்டாம் என்று செல்போனில் வரைகிற ஆப்பை அழிக்கப் போனாள்.

"ஏங்கண்ணு, அந்தப் படம் போட்டது நீதானா?"

காலையில் மாதையனோடு வந்த கூட்டத்தில் இருந்த கண்ணாயி. ரோடு போடும் வேலை அவளுக்கு. முந்தானை முடிச்சிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். புருசன் செத்து ஏழு மாசமாம். அட்டையில் கண்ணும் மீசையும்தான் தெரிந்தன, மற்றதெல்லாம் வெள்ளை.

"ஊட்டுல மாட்ட வேற படமில்ல சாமி. இதுல வெளுத்துப்போயிட்டாரு. அவரு நல்ல கருப்பு. நெத்தியில தழும்பு, கண்ணுக்குக் கீழ குழி."

"நெறத்தை எதுலீங்க பாத்து எடுக்கறது?"

கண்ணாயி கையை நீட்டினாள். "என்ற கூடவேதான் அவரும் தார் ஊத்தினாரு. வெயில் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். இதைப் பாத்து எடு."

மலர் அந்தக் கையைப் போட்டோ பிடித்து, அதன்மேல் விரலை வைத்தாள். நிறம் வந்து நின்றது. பழக்க தோசத்தில் கேட்டுவிட்டாள்.

"கண்ணுக்குக் கீழ நெழலை எடுத்தரட்டுங்களா?"

"எதுக்கு? இருக்கறபடியே உடு கண்ணு. ஊட்டுல மாட்டுனா எனக்கு அவர அடையாளம் தெரியோணுமில்ல."