அடுப்பை அணைக்கும் முறைகள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, அடுப்பு எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று இரண்டு பக்கம் கேட்டார் செயலாளர். "சார், நீங்க வாழ்க்கை பூரா தீயோட பழகினவர்" என்றார். உண்மைதான். காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்து மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எரிந்த வீட்டுக்குள் போய், எது முதலில் பற்றியது, கவனக்குறைவு யாருடையது என்று எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. நான் எழுதிய முடிவு எதுவும் மாற்றப்பட்டதில்லை.

கட்டுரை கதையானதற்குக் காரணம், போன செவ்வாய்க்கிழமை எங்கள் சமையலறையிலிருந்து வந்த புகை. வீட்டு விஷயத்தை வெளியே பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆகவே இது கதை. இதில் வரும் அண்ணன் நான் அல்ல.

(கடைசி வாக்கியத்தை அடித்துவிட நினைத்தேன். இப்போதைக்கு இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: 'ஆதி மனிதன் மூன்று கற்களைக் கூட்டி வைத்து—'

பள்ளிக்கூடக் கட்டுரை. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது கொஞ்சம் தேறும்: 'அடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பற்றவைப்பதையே எழுதுகிறார்கள். அணைப்பதை யாரும் எழுதுவதில்லை. ஒவ்வோர் அடுப்பும் தனக்கென்று ஒரு முறையில்தான் அணையும். விறகடுப்பில் கட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கரி அடுப்பை மூடி மூச்சுத் திணறவைக்க வேண்டும். பம்ப் ஸ்டவ்வில் காற்றுத் திருகைத் தளர்த்தினால் உஸ்ஸென்று அடங்கும். திரி ஸ்டவ்வில் திரியை இறக்கிக்கொண்டே போனால் சுடர் சிறுத்து, நீலமாகி, இல்லாமல் போகும். கேஸ் அடுப்பில்—'

கேஸ் அடுப்பில் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. நேற்றும் இதே இடத்தில்தான் நின்றது.

3

மூன்றாவது தொடக்கம்: 'அந்த வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். அவளுக்கு மறதி வந்துவிட்டது.'

அத்தை என்பது என் மகளின் கணக்கில். எனக்குத் தங்கை. பேரன் பேத்தி எடுக்கும் வயதாகியும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். அவள் கணவர் காலமான பிறகு என்னுடன் வந்தாள். என் மனைவி போன பிறகு சமையலறை அவள் ராஜ்யம். அச்சகமொன்றில் பிழை திருத்துபவராக இருந்தவள். நான் எழுதும் எதுவும் அவள் பென்சிலைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. தண்ணீர் வரவில்லை என்று சங்கத்துக்கு எழுதும் புகாரிலும் மூன்று ஒற்றெழுத்தாவது போட்டுக் கொடுப்பாள்.

கதைக்காக அவளை மறதிக்காரியாக்கிப் பார்த்தேன். நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறாள் என்று எழுதினேன். அது நான் செய்வது. சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போகிறாள் என்று எழுதினேன். அதுவும் நான்தான். பாத்திரம் ஒட்டவில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என் மகள் வருகிறாள். மறுநாள் அத்தையை ஞாபக மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போகிறாள். அதற்குப் பிறகு அவளை எங்கே வைத்துக்கொள்வது என்பதை டாக்டர் சொல்வதைப் பொறுத்துப் பேசலாமாம்.

'எங்கே வைத்துக்கொள்வது.' பாத்திரம் பண்டத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

4

செவ்வாய்க்கிழமை காலை நடந்தது இது. உள்ளபடியே எழுதுகிறேன்.

"என்னண்ணா எழுதறே?"

"அடுப்பைப் பத்தி."

"யாரு, நீயா?" பாப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரு டீ போட்டுக்கத் தெரியாத மனுஷன் அடுப்பைப் பத்தி எழுதறியா? இதுக்குப் பிழை திருத்த நான் போதாது, தீயணைப்பு வண்டிதான் வரணும்."

"தெரியாதுன்னு யார் சொன்னா? கல்யாணத்துக்கு முன்னாடி திரி ஸ்டவ்வுல நானே பொங்கித் தின்னவன்."

"ஆமாமா. அதுக்குச் சாட்சி சொல்ல இப்போ யாரும் உயிரோட இல்ல."

சாதாரணக் கேலிதான். ஆனால் கதையில் வரும் அண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் மதியம் கண்ணயர்ந்ததும் அவன் சமையலறைக்குள் போனான். இப்போதைய அடுப்புக்குத் தீக்குச்சியும் வேண்டாம், லைட்டரும் வேண்டாம். குமிழை அமுக்கித் திருப்பினால் தானே பற்றிக்கொள்கிறது. அவள் காய்ச்சி வைத்திருந்த பாலைச் சுடவைத்து, ஒரு டம்ளர் அளவு தனியே எடுத்துத் தேயிலை போட்டு, வடிகட்டி, நின்றபடியே குடித்தான். நன்றாகவே இருந்தது. பெருமையாக இருந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். அடுப்பை அணைத்தான். மிச்சப் பால் இருந்த பாத்திரத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாசகசாலைக்குப் போனேன்.

(போனான். போனேன். பாப்பா பார்த்திருந்தால் அடியில் கோடு போட்டிருப்பாள்.)

நான் திரும்பியபோது தாழ்வாரமெங்கும் கூட்டம். பால் வற்றி, பாத்திரம் கருகி, கைப்பிடி உருகி, பக்கத்தில் கிடந்த கைப்பிடித் துணி புகைந்திருக்கிறது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் கதவைத் தட்டித்தான் பாப்பா எழுந்திருக்கிறாள். ஈரத் துண்டோடு நின்றாள். கைபேசியில் என் மகளின் குரல்.

"அத்தை, அடுப்பை அணைச்சீங்களா இல்லையா?"

"அணைச்சேன்னுதாம்மா நினைச்சேன். பால் காய்ச்சினேன்... அணைச்சேனே..." என்னைப் பார்த்தாள். "நான் அணைச்சதை நீ பாத்தியாண்ணா?"

"கவனிக்கலையே" என்றேன்.

அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படிப் பதில் சொன்னவர்களை என் அறிக்கைகளில் 'மழுப்புகிறார்' என்று எழுதியிருக்கிறேன்.

5

இனி அந்த வாக்கியத்தை முடிக்கலாம்.

கேஸ் அடுப்பில் குமிழைத் திருப்பியதும் முதலில் வருவது பெரிய தீ. அதே பக்கம் மேலும் திருப்பினால் சிறிய தீ. அதோடு குமிழ் நின்றுவிடும். அதற்கு அப்பால் போகாது. அணைக்க வேண்டுமானால் வந்த வழியே திரும்ப வேண்டும். சிறிய தீயிலிருந்து பெரிய தீக்கு வந்து, அதையும் கடந்தால்தான் அணையும்.

திரி ஸ்டவ்வில் பழகிய கைக்கு இது தெரியாது. சிறுக்கச் சிறுக்கத் திருப்பினால் அணைந்துவிடும் என்று நம்பும். மதிய வெயில் ஜன்னல் வழியாக நேரே அடுப்பின் மேல் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் பாத்திரத்துக்கடியில் ஒட்டி எரியும் நீலச் சுடர் கண்ணுக்குத் தெரியாது. இத்தனை தீ விபத்துகளைப் பார்த்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். நான் பார்த்த அடுப்புகளெல்லாம் எரிந்து முடிந்தவை. குமிழ்கள் உருகிப் போயிருக்கும்.

இங்கே குமிழ் உருகவில்லை. அவசரத்தில் பாப்பா சிலிண்டரை மூடியிருந்தாள், குமிழைத் தொடவில்லை. அது சிறிய தீயின் பக்கம் கடைசி வரை திரும்பி நின்றது. பாப்பா பாலைச் சிறிய தீயில் காய்ச்ச மாட்டாள், அந்தப் பக்கம் திருப்பி அணைக்கவும் மாட்டாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தேன். போதுமாயிருந்தது. என் தொழில் அல்லவா.

6

அன்று மாலையே மகள் வந்து சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"உங்க பீரோவுல வச்சுப் பூட்டுங்கப்பா. அத்தை கேட்டாலும் குடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை இண்டக்ஷன் அடுப்பு வாங்கிட்டு வரேன். தீயே கிடையாது, பாத்திரத்தை எடுத்தா தானே நின்னுடும். பூட்டு வேற இருக்கு. அதை எப்படித் திறக்கறதுன்னு உங்களுக்கு மட்டும் காட்டறேன்."

வாங்கி வைத்துக்கொண்டேன். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இப்போது குடியிருப்பின் கேண்டீனிலிருந்து கேரியரில் சாப்பாடு வருகிறது. விளக்கை அணைத்துவிட்டு வந்த பாப்பா திரும்பப் போய்ச் சுவிட்சைத் தடவிப் பார்க்கிறாள். குழாயை மூடிவிட்டு, மூடியிருக்கிறதா என்று விரலை அடியில் வைத்துப் பார்க்கிறாள். சங்கத்தின் சுற்றறிக்கையைத் திருத்தக் கொடுத்தேன். தொடவில்லை.

"வேற யாரையாவது பாக்கச் சொல்லுண்ணா. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

அந்தச் சுற்றறிக்கையில் ஒரு பிழை என் கண்ணிலேயே பட்டது. அவள் கண்ணில் பட்டிருக்காதா? பட்டிருக்கும். பட்டதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்திருக்கும்.

7

முடிவுகள் சிலவற்றை முயன்று பார்த்தேன்.

ஒன்று: பூனை தாவிக் குமிழைத் திருப்பிவிட்டது. அமுக்கித் திருப்ப வேண்டிய குமிழ் இது. அப்படிப்பட்ட பூனைக்கு டீ போடவும் தெரிந்திருக்கும்.

இரண்டு: அடுப்பு செய்தவர்கள் மேல் பழி. ஆதாரமில்லாமல் ஒரு வரிகூட எழுதாத கை இது. எழுத மறுத்தது.

மூன்று: ஞாயிற்றுக்கிழமை. மகள் வருகிறாள். அண்ணன் எழுந்து நிற்கிறான். 'அன்னைக்கு மத்தியானம் அடுப்பைப் பத்த வச்சது—'

இதை முடிக்க முடியவில்லை. செய்த தப்பை மறைப்பது நம் வீட்டுப் பழக்கமில்லை என்று சொல்லி அந்தப் பெண்ணைச் சிறு வயதில் எத்தனை முறை சுவரோரம் நிற்க வைத்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது. பாப்பா முகத்தைப் பார்த்து, தொடங்கவே முடியாது. குடும்ப மானம் என்று இவ்வளவு நாள் நான் கட்டிக் காத்தது என்னுடைய முதுகை மட்டும்தான் போலிருக்கிறது.

8

இன்று சனிக்கிழமை.

"அண்ணா, கேரியர் வந்துடுச்சு. வா, ஆறிடும்."

ஆறினால் சுடவைக்க இந்த வீட்டில் வழியில்லை. அதை அவள் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்து அவள் கை கழுவப் போகும்போது, இந்தத் தாள்களைச் சமையல் மேடையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். மேலே ரெகுலேட்டரை வைப்பேன், காற்றில் பறக்காமலிருக்க. பக்கத்தில் பென்சிலையும் சீவி வைப்பேன். வாயால் சொல்ல வக்கில்லாதவன் எழுதி வைக்கிறான் என்று நீங்கள் நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் அடிக்காமல் விட்ட, 'அண்ணன் நான் அல்ல' என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் அடிப்பாளா, விடுவாளா என்பதும் அவள் பாடு.

இதற்கு முடிவு நான் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவள் பென்சில் படாமல் என் எழுத்து எதுவும் வெளியே போனதில்லை, இதுவும் போகாது. தாள்கள் மேடையிலேயே கிடந்து எண்ணெய்ப் பிசுக்கேறிப் போனால், இதைப் படிக்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். நீங்கள் இதை மலரில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அவள் பென்சிலை எடுத்திருக்கிறாள்.

எடுத்தவள் என்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், அந்த வாக்கியம் இன்னும் இருக்கிறதா என்று முதல் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.