உடைப்பதற்கு மூன்று கிற்றார்

வினோதனிடம் கிற்றார்களைத் திருத்தக் கொண்டுவருவார்கள். உடையும்படி செய்து தரச் சொல்லி அதுவரை ஒருவரும் வந்ததில்லை.

கனடாவின் ரெக்ஸ்டேலில், டயர் மாற்றும் கடையொன்றின் பின்பக்கத்து யூனிற்தான் அவனுடைய பட்டறை. இருபது வருடம் ஒரு பெரிய இசைக்கருவிக் கடையின் பின்னறையில் நின்று வேலை பழகி, பிறகு தனியாக வந்தவன். கழுத்து வளைந்த கிற்றார், வயிறு பிளந்த கிற்றார், யாரோ மேலே ஏறி இருந்துவிட்ட கிற்றார் எல்லாம் அவனைத் தேடி வரும். பேசாமல் வாங்கி வைப்பான், பேசாமல் திருத்திக் கொடுப்பான். பேச்செல்லாம் மனதுக்குள்தான். அங்கே அவன் மதித்த மனிதர்களை ஒரு கை விரல்களில் எண்ணி முடித்துவிடலாம்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கெல்லி என்றொரு பெண் வந்தாள். அயர்ன் லார்க்ஸ் இசைக்குழுவின் சுற்றுப்பயணத்தை நடத்துபவள் என்று ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பெயரைக் கேட்டதும் அவன் முகம் என்ன ஆகிறது என்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

அயர்ன் லார்க்ஸைத் தெரியாதவனல்ல அவன். அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் முளைத்து, அமெரிக்காவைப் பைத்தியமாக அடித்த நாலு பேர். போர் வேண்டாம், சொத்து வேண்டாம், முப்பது வயதைத் தாண்டிய எவனையும் நம்பாதே என்று ஒரு தலைமுறைக்கே வகுப்பெடுத்தவர்கள். அவர்களுடைய பாட்டைக் கேட்டுப் படிப்பை விட்டவர்கள் உண்டு, வீட்டை விட்டவர்கள் உண்டு, குளிப்பதை விட்டவர்களும் உண்டு. கச்சேரியின் முடிவில் கிற்றார்க்காரன் நெட் ஹார்லன் தன் கிற்றாரை மேடையில் அடித்து நொறுக்குவான். உடைமை என்ற விலங்கை உடைக்கிறான் என்று அதற்குப் படித்தவர்கள் விளக்கம் எழுதினார்கள். நாலு பேரில் இருவர் போய்விட்டார்கள். மிஞ்சிய இருவரும் இப்போது பிரியாவிடைக் கச்சேரிகள் நடத்தி வந்தார்கள். இது மூன்றாவது பிரியாவிடை.

"நெட்டுக்கு எழுபத்தெட்டு வயது" என்றாள் கெல்லி. "வலது தோளுக்குள் இருப்பது உலோக மூட்டு. முழுக் கிற்றாரை உடைக்க முடியாது. கழுத்து உடலோடு சேருகிற இடத்தில் பின்பக்கமாகப் பாதிக்கு மேல் அரிந்து, கொஞ்சம் பசை வைத்து, மேலே வர்ணம் பூசித் தரவேண்டும். வழக்கமாகச் செய்பவர் நோயில் விழுந்துவிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று கச்சேரிக்கு மூன்று."

"அவர் வாசிக்கும்போதே முறிந்துவிட்டால்?"

"கடைசிப் பாட்டுக்குத்தான் அதைக் கையில் எடுப்பார். அதை ஒலிபெருக்கியோடு இணைப்பதில்லை, சத்தம் வராது. உண்மையில் வாசிப்பது திரைக்குப் பின்னால் இருக்கும் இன்னொருவர்."

வினோதன் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தான். வேலையை ஏற்றுக்கொண்டதும் அந்தச் சிரிப்புக்காகத்தான். ஒரு பெரிய பொய்யின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்க எல்லோருக்குமா கிடைக்கிறது? யாரிடமும் சொல்வதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கெல்லி போனாள். அவன் அன்றைக்கே மனைவி சுபாங்கியிடம் சொல்லிவிட்டான்.

"ஜனாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதைங்கோ" என்றாள் சுபாங்கி. "அவன் செத்துப்போவான்."

ஜனார்த்தன் அவளுடைய தம்பி. ஒன்பது வயதில் கனடாவுக்கு வந்தவன், இப்போது நாற்பத்தாறு. அஜக்ஸில் வீடு, காப்புறுதிக் கம்பனியில் உத்தியோகம். முன்மண்டை வழுக்கையாகிவிட்டாலும் பின்னால் மிஞ்சிய மயிரைக் குடும்பியாகக் கட்டியிருப்பான். வீட்டின் பேஸ்மென்ற் முழுக்க அயர்ன் லார்க்ஸ். தான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன அறுபதுகளைப் பற்றி, அங்கே நின்று பார்த்தவன்போலப் பேசுவான். அந்தக் காலத்தில் அமெரிக்கப் போருக்குப் போகமாட்டோம் என்று கனடாவுக்கு ஓடிவந்த பெடியள் யோர்க்வில் தெருவில் படுத்துக் கிடந்து பாடினார்கள் என்று சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கும். இன்றைக்கு அதே தெருவில் கைப்பைக் கடைகள்தான் இருக்கின்றன என்று வினோதன் ஒருமுறை சொன்னதற்கு, ஒரு வாரம் பேசாமல் இருந்தான். உலகத்துக்கு எல்லைக்கோடே இருக்கக்கூடாது என்பது அவன் கொள்கை. பக்கத்து வீட்டு மரக்கொப்பு தன் வேலிக்கு மேலால் வருகிறதென்று நகரசபைக்கு நாலு தடவை முறைப்பாடு எழுதியவனும் அவன்தான்.

வெள்ளிக்கிழமைக் கச்சேரி முடிந்து, சனி காலையில் ஜனார்த்தன் அஜக்ஸிலிருந்து பட்டறைக்கு ஓடிவந்தான். கையில் ஒரு துவாய். அதைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி வந்து மேசையில் வைத்து விரித்தான். உள்ளே கிற்றார்க் கழுத்தின் ஒரு சாண் துண்டு.

"அத்தான், நெட் எறிஞ்சவன். நேரை என்ரை கைக்குத்தான் வந்தது. எனக்குப் பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரன் அழுதுபோட்டான். இதுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து தருவீங்களே?"

வினோதன் துண்டைத் திருப்பிப் பார்த்தான். முறிந்த முகத்தில் பாதி நார் நாராகக் கிழிந்திருந்தது. மற்றப் பாதி வழவழவென்று நேராக இருந்தது. அது அவனுடைய ஈர்வாள் போன பாதை. அதன்மேல் பெருவிரலை ஓட்டினான்.

"பாத்தீங்களே, எவ்வளவு கோபத்தோடை முறிச்சிருக்கிறான் எண்டு?" என்றான் ஜனார்த்தன். "உது வெறும் மரமில்லை அத்தான். ஒரு காலத்தின்ரை கோபம்."

"ஓம். நல்ல சுத்தமாத்தான் முறிஞ்சிருக்கு."

அவன் போனபின் வினோதனுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது எரிச்சலாக மாறியது. ஏமாற்றுகிறவன்மீது இருந்ததைவிட ஏமாறுகிறவன்மீதுதான் அதிக எரிச்சல். கண்ணுக்கு முன்னால் வாள் வெட்டு இருக்கிறது. அதைத் தடவிக்கொண்டே கோபம் என்கிறான்.

மத்தியானம் மூன்றாவது கிற்றார் வந்தது. அனுப்பிய பெட்டியில் ஒன்று குறைந்துவிட்டதாம், கெல்லியின் உதவியாள் ஒருவன் ஓர் அடகுக்கடையில் கிடைத்ததை வாங்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். முதல் இரண்டும் தொழிற்சாலையில் அப்பம்போல வார்த்தெடுத்த மலிவுச் சாமான்கள். அவற்றை வினோதன் யோசிக்காமல் அரிந்தான். இது வேறு. எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. பெரிய பெயரில்லை, ஆனால் செய்தவனுக்கு வேலை தெரிந்திருந்தது. கழுத்து நூல் பிடித்தாற்போல நேர். கழுத்தின் குறுக்கே யாரோ கைப்படப் புது உலோகக் கட்டைகள் போட்டிருந்தார்கள். மூன்று இடங்களில் மட்டும் விரல்பட்டு மரம் குழிந்திருந்தது. யாரோ ஒருவர் வருடக்கணக்காக பல கம்பிகளை ஒன்றாக அழுத்தி எழுப்பும் அதே மூன்று சுரக்கட்டுகளை விடாமல் வாசித்திருக்கிறார். வினோதன் கம்பிகளை முறுக்கி ஒருதரம் மீட்டினான். பிறகு இன்னொரு தரம் மீட்டினான்.

கெல்லிக்குப் போன் எடுத்தான். "இது நல்ல கிற்றார். வேறொன்று வாங்கித் தாருங்கள்."

"கமெராவுக்கு அது வடிவாக இருக்கிறது. அரிந்துவிடுங்கள்."

"நல்ல கிற்றார் என்கிறேன்."

"நல்லதாக இருந்தால்தானே உடைப்பதில் ஓர் அர்த்தம் இருக்கும்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வினோதன் அரியவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கழுத்தின் அடியில் மயிரிழைபோல ஒரு பழைய வெடிப்பு இருந்தது. அதற்குள் பசையை இறக்கி, கிளாம்ப் பூட்டி இறுக்கினான். காலையில் கழற்றிப் பார்த்தபோது, அந்த இடம் புதிதாகச் செய்த நாளில் இருந்ததைவிடப் பலமாக இருந்தது. வழக்கமாக வெட்டு விழுகிற இடத்தில் மெல்லிய தூரிகையால் ஒரு கோடு கீறி, அதன்மேல் வர்ணம் பூசினான். கெல்லி வந்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துத் தலையாட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவனுக்கும் ஓர் அனுமதி அட்டை தந்தாள்.

ஞாயிறு கச்சேரி பிற்பகல் மூன்று மணிக்கு. பாடுபவர்களுக்கும் வயது போய்விட்டது, கேட்பவர்களுக்கும் போய்விட்டது. எல்லோரும் வேளைக்கே படுக்கவேண்டும். மின்தூக்கியின் முன்னால்தான் மிக நீண்ட வரிசை நின்றது. முழங்காலுக்குப் பட்டி கட்டியவர்கள், பூப்போட்ட சட்டைக்குள் வயிற்றை அடக்கியவர்கள். வாசல் கடையில் 'சொத்து ஒரு சிறை' என்று எழுதிய ரீசேட்டை முண்டியடித்து வாங்கினார்கள். முப்பதைத் தாண்டியவனை நம்பாதே என்றவர்களை நம்பி, முப்பதை இரண்டு தடவை தாண்டியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வினோதன் நினைத்துக்கொண்டான். மேடையின் பக்கத்துத் திரையோடு ஒதுங்கி நின்றான். அங்கிருந்து பார்க்க, இரண்டாம் வரிசையில் ஜனார்த்தனின் குடும்பி தெரிந்தது. மூன்று நாளும் வந்திருக்கிறான்.

கடைசிப் பாட்டு. நெட் ஹார்லன் ஜப்பான் கிற்றாரைத் தலைக்கு மேல் தூக்கினார். சனம் எழுந்து நின்றது. ஓங்கி ஒலிபெருக்கியில் அடித்தார்.

தடால் என்றது. கிற்றார் அப்படியே இருந்தது.

இரண்டாம் முறை அடித்தார். ஒலிபெருக்கியின் துணி கிழிந்தது. மூன்றாம் முறை அடித்தபோது அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரையோரம் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது கேட்டது. கிற்றார் கைமாறி இடதுகையில் தொங்க, வலதுகை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

வினோதனின் நெஞ்சுக்குள் ஒரு குதூகலம் எழுந்தது. இத்தனை வருடத்தில் அப்படியொன்றை அவன் அனுபவித்ததில்லை. உடையடா பார்ப்போம் என்று மனதுக்குள் கத்தினான். அப்போது கிழவர் திரும்பினார். படியில் கால் தவறிய எந்தக் கிழவரின் முகத்திலும் வரக்கூடிய பயம் அவர் முகத்தில் இருந்தது. குதூகலம் பாதியில் அறுந்தது.

அவர் மெல்ல நடந்து மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். வேறென்ன செய்வதென்று தெரியாமல்தான் உட்கார்ந்தார் என்பது வினோதனுக்கு விளங்கியது. கிற்றாரை மடியில் வைத்தார். நோகாமல் விரல்களை மட்டும் அசைத்துக் கம்பிகளைத் தட்டினார். பாடகர் ஓடிவந்து மைக்கை அதன் அருகே பிடித்தார். மூன்று அடி வாங்கிய கிற்றாரில் சுருதி துளியும் கலையவில்லை. அரங்கம் முழுக்க அழுதது.

திங்கள் காலையில் அந்தக் காணொளி எல்லாருடைய போனிலும் ஓடியது. கலகக்காரன் கடைசியில் சமாதானம் ஆனான் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். ஜனார்த்தன் வேலைக்குப் போகும் ரயிலிலிருந்து போன் எடுத்தான்.

"பாத்தீங்களே அத்தான்? நெட் அதை மன்னிச்சு விட்டிட்டான்!"

"ஜனா, அவன் மன்னிக்கேல்லை. அவனாலை உடைக்க ஏலாமல் போச்சு. முந்தின ரண்டையும் நான்தான் அரிஞ்சு குடுத்தனான். உன்ரை துண்டிலை பாதி வாள்வெட்டு. மூண்டாவதை நான் அரியேல்லை, அவ்வளவுதான்."



"உங்களுக்கு எப்பவும் மற்றாக்களிலை ஒரு எரிச்சல்" என்றான் ஜனார்த்தன். "ஒருத்தரும் பெரியாக்களா இருக்கக்கூடாது உங்களுக்கு." போன் நின்றது.

சுபாங்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் தம்பிக்காகப் பரிந்து பேசவில்லை.

"அந்த மனிசனுக்கு எழுபத்தெட்டு வயசு. தோள்மூட்டுக் கழண்டிருந்தா என்ன செய்திருப்பியள்? அரிய மனமில்லையெண்டால், ஏலாதெண்டு சொல்லிக் கிற்றாரைத் திருப்பிக் குடுத்திருக்கலாம். ஏன் கோடு கீறி ஏமாத்தினனீங்கள்?"

"அவையள் ஐம்பத்தேழு வருசமா ஏமாத்தினவை."

"அது சரி. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏமாத்தினனீங்கள்."

வினோதன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் புறப்பட்டான்.

செவ்வாய் மத்தியானம் பட்டறை வாசலில் கறுப்புக் கார் நின்றது. கெல்லி இறங்கினாள். பின்னால், கையைத் துணித் தூளியில் போட்டபடி நெட் ஹார்லன். வினோதன் ஏச்சு வாங்கத் தயாராகி, கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

கெல்லி ஏசவில்லை. "மொன்றியலில் தொடங்கி ஒவ்வொரு கச்சேரிக்கும் உடையாத கிற்றார் வேண்டும்" என்றாள். "எல்லோரும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். உள்ளே இரும்புக் கம்பி வைத்து, அடிக்கும் பக்கத்தில் ரப்பர் ஒட்டி, அவருக்கு நோகாமல் செய்யவேண்டும். பார்க்க உடையப் போவதுபோல இருக்கவேண்டும்."

"உடையாதது என்று தனியாக ஒன்று கிடையாது" என்றான் வினோதன். "ஒழுங்காகச் செய்த கிற்றார் இலேசில் உடையாது."

"அதை நம்பி ஒரு சுற்றுப்பயணம் நடத்த முடியாது" என்றாள் அவள். போன் அடித்ததும் வெளியே போனாள்.

கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தொங்கிய கிற்றார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீதான் வேண்டுமென்று செய்தாய், இல்லையா?" என்றார்.

"ஓம். உங்கள் தோளை நான் யோசிக்கவில்லை. அதற்கு மன்னியுங்கள்."

"மற்றதற்கு?"

"மற்றதற்கு இல்லை."

கிழவர் சிரித்தார். "முதல்முதல் உடைத்தது ஏனென்று தெரியுமா? சுருதி நிற்கவில்லை. நான் குடிவெறியில் இருந்தேன். அடுத்தநாள் பத்திரிகையில் போருக்கு எதிராக உடைத்தேன் என்று போட்டார்கள். வாசித்துவிட்டு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்."

"பிறகு நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தியிருந்தால் என் பெயர் உனக்குத் தெரிந்திருக்குமா?"

சொல்லும்போது அவருக்கு வெட்கம் இருக்கவில்லை, பெருமையும் இருக்கவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். வினோதனுக்கு ஆத்திரம் திரும்பி வந்தது. ஒரு தலைமுறையையே வீட்டைவிட்டு இறங்கச் சொன்ன மனிதரிடம் கேட்டுப் பார்த்தால், உள்ளே இவ்வளவுதான் இருக்கிறது.

"இந்த வேலை எனக்கு வேண்டாம்" என்றான். "அந்த ஜப்பான் கிற்றாரை மட்டும் தாருங்கள். என்ன விலையென்றாலும் வாங்கிக்கொள்கிறேன்."

"அது போய்விட்டது. ஒரு ஹோட்டல்காரன் கண்ணாடிக்குள் வைக்கக் கேட்டான், கெல்லி கொடுத்துவிட்டாள். இனி அதை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்." எழும்பும்போது ஒரு நிமிடம் நின்றார். "நல்ல கிற்றார்தான்" என்றார்.

மொன்றியல் கச்சேரியின் காணொளியை இரண்டு வாரம் கழித்து சுபாங்கி காட்டினாள். நெட் ஹார்லன் மூன்று முறை அடித்தார், முகத்தைச் சுளித்தார், தோளைப் பிடித்தார், விளிம்பில் உட்கார்ந்தார். கமெரா சரியான நேரத்தில் அழுகிறவர்கள் பக்கம் திரும்பியது. யாரோ ஒருவன் செய்து கொடுத்துவிட்டான். கழுத்துக்குள் இரும்பு இருப்பது அடி விழும் சத்தத்திலேயே வினோதனுக்குத் தெரிந்தது. இணைப்பு வேறு கோணலாக இருந்தது.

"என்ன வேலை இது" என்றான். "கழுத்தை நேராக் கூட ஒட்டத் தெரியேல்லை."

"நீங்கள் செய்திருந்தா இதைவிட வடிவாச் செய்திருப்பியள்" என்றாள் சுபாங்கி.

அவனுக்கு முகம் சட்டென்று சிவந்தது. ஏனென்றால் காணொளி தொடங்கியதிலிருந்து, ரப்பரை எந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கலாம் என்றுதான் அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.