வயிற்றெரிச்சல்காரி

"அம்மா!"

வாயைப் பொத்துவதற்குள் சத்தம் வெளியே வந்துவிட்டது. கூடத்தில் நடந்துகொண்டிருந்த சம்பந்தப் பேச்சு அப்படியே நின்றது.

பின்னறையில் தையல் மெஷின்மேல் கவிழ்ந்து, இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தாள் அத்தை. அண்ணன் மகளுக்குத்தான் அவள் அத்தை. ஆனால் அந்தப் பெயர் தெரு முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது.

"உள்ளே யாரு?" மாப்பிள்ளையின் அம்மா கேட்டது கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"வேலைக்காரிங்க. துணி தைக்க வெச்சிருக்கோம்," என்றாள் அண்ணி, கண்ணிமைக்காமல்.

அண்ணன் லேசாக இருமினார். அந்த இருமலுக்கு என்ன பொருள் என்று அத்தைக்கு எட்டு வருஷமாகத் தெரியும். ஒரு பொருளும் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன் கணவன் இறந்ததும், ஒரு பெட்டியும் தையல் மெஷினுமாக இந்த வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து நல்ல காரியம் எதுவானாலும் பின்னறைக் கதவு சாத்தப்படும். அதுகூடப் பழகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள், "வயிறு எரியுது அண்ணி" என்று வெள்ளந்தியாகச் சொன்னாள் பாருங்கள், அதுதான் வம்பாகப் போயிற்று.

"எரியாம என்ன செய்யும்? அடுத்தவங்க வாழறதைப் பார்த்தா எரியத்தான் செய்யும்," என்றாள் அண்ணி.

அதன்பிறகு குழாயில் தண்ணீர் வராவிட்டால் அத்தையின் வயிற்றெரிச்சல். அண்ணனுக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனால் அத்தையின் வயிற்றெரிச்சல். புது மிக்சி ஒரே வாரத்தில் புகைவிட்டபோது, "பார்வையிலேயே எரிச்சிட்டா" என்று தெருவில் நான்கு வீட்டுக்குச் சேதி போனது. இவ்வளவு சக்தி தன்னிடம் இருந்தால் இந்த வீட்டுக்குச் சமையல் வாயுவே வாங்க வேண்டாமே என்று அத்தை நினைத்துக்கொள்வாள்.

அன்று விருந்தாளிகள் படியிறங்கிய கையோடு, அத்தை குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். காபித்தூளைக் கரைத்து ஊற்றினதுபோல் கருப்பாக வந்தது.

"கல்யாணம் பேசி முடிச்ச அன்னிக்கே வாந்தியா? ஒருநாள் பொறுக்கக் கூடாதா?" என்று அண்ணி தலையில் கை வைத்தாள்.

"அம்மா, அது ரத்தம்!" என்றாள் மகள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பேச்சு முழுக்க உத்தரவாகத்தான் வரும். "அத்தை, செருப்பைப் போடு. கிளம்பு."

ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் முடிவுகளுடன் வந்த டாக்டர், "இரைப்பையில ரெண்டு புண். நல்லவேளை வந்தீங்க," என்றார்.

அத்தை முந்தானையைத் திருகினாள். "டாக்டர், இது... பொறாமையால வர்றதா?"

"யார் சொன்னா?"

"வீட்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பொறாமையால புண் வரும்னா இந்த ஆஸ்பத்திரியில இடமே பத்தாதும்மா. முதல்ல எங்க டாக்டருங்களுக்குத்தான் படுக்கை போடணும். இது ஒரு பாக்டீரியா. நம்ம இரைப்பையில இருக்கிற அமிலத்துக்கு நடுவுலயே குடித்தனம் பண்ற கெட்டிக்காரக் கிருமி. பெரும்பாலும் சின்ன வயசுலயே உள்ள வந்துடும். பல வருஷம் சத்தமில்லாம இருக்கும். பதினாலு நாள் மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது."

பிறகு, "வீட்ல வேற யாருக்காவது எரிச்சல், ஏப்பம் உண்டா?" என்று கேட்டார்.

கூட வந்திருந்த அண்ணன் மகள் வகுப்பறைப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். "எங்க அம்மாவுக்கு. துணி அலமாரிக்குப் பின்னால வெள்ளை மருந்து பாட்டில் ஒளிச்சு வெச்சிருக்காங்க."

அடுத்த வாரம் அண்ணியும் அண்ணனும் ஒரு பையில் மூச்சை ஊதும் பரிசோதனைக்கு இழுத்து வரப்பட்டார்கள். "எனக்கென்ன கேடு?" என்று அண்ணி முறுக்கிக்கொண்டாள். மகள் விடவில்லை. "ஊது. நிறுத்தாதே. இன்னும், இன்னும்!" விசில் ஒன்றுதான் குறைச்சல்.

முடிவு வந்தது. கூடத்தின் நடுவில் நின்று மகள் உரக்கப் படித்தாள். "அப்பாவுக்கும் கிருமி இருக்கு. அம்மாவுக்கும் இருக்கு. அம்மா, உனக்கும் வயித்தெரிச்சல்தான். இதோ, எழுத்துல கொடுத்திருக்காங்க."

அத்தை பின்னறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். வந்த நீர் சிரிப்பு நின்ற பிறகும் நிற்கவில்லை.

அண்ணி மாத்திரையை விழுங்கினாள். பழியை விழுங்கவில்லை. "எல்லாம் இவகிட்ட இருந்து ஒட்டினதுதான். கல்யாணத்தன்னிக்கு நாலு பேர் நடுவுல இவளை விட முடியாது."

முன்பு கண் பட்டுவிடும் என்றார்கள். இப்போது கிருமி பட்டுவிடும் என்றார்கள். பின்னறை மட்டும் அதேதான்.

அத்தை ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டாள். மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி ஊதினாள். கிருமி இல்லை என்று வந்தது. காகிதத்தை எடுத்துப்போய் அண்ணி முன்னால் நீட்டினாள்.

"இப்ப வரலாமா அண்ணி?"

அண்ணி காகிதத்தைப் படித்தாள். திருப்பி வெற்றுப் பக்கத்தையும் பார்த்தாள். "அதுக்கென்ன... உனக்குத்தான் புருஷன் இல்லையே."

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக உண்மைக் காரணம் வேஷமில்லாமல் வெளியே வந்தது. ஆச்சரியம், அத்தைக்குக் கோபம் வரவில்லை. முள் எங்கே தைத்திருக்கிறது என்று கடைசியில் தெரிந்துவிட்ட நிம்மதி வந்தது. அன்றே மீதியிருந்த நீலத் துணியில் தனக்கு ஒரு ரவிக்கை வெட்டினாள்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. எல்லோரும் காரில் போன பிறகு அத்தை பஸ் பிடித்து வந்து, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். மணமக்கள் கையெழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சிகள் இருவரும் போட்டாயிற்று.

"பொண்ணு பக்கத்துச் சாட்சி?" என்றார் குமாஸ்தா.

அண்ணன் எழுந்தார். "அப்பா, நீங்க உட்காருங்க," என்றாள் மணப்பெண். "என் அத்தை போடுவாங்க."

மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தாள். "இது அன்னிக்கு உள்ளே இருந்த வேலைக்காரம்மா இல்ல?"

"வேலைக்காரி இல்லீங்க. பொண்ணோட அப்பாகூடப் பிறந்தவ," என்று சொல்லிக்கொண்டே அத்தை மேஜையை நோக்கி நடந்தாள்.

"அவ வேண்டாம்!" அண்ணி குறுக்கே வந்தாள்.

குமாஸ்தா பேனாவை நிமிர்த்தினார். "ஆட்சேபணையா? காரணம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அண்ணி வாயைத் திறந்தாள். சமையலறையில் சரளமாக வருகிற 'வயிற்றெரிச்சல்' என்ற அந்த வார்த்தை, எழுதக் காத்திருந்த பேனாவின் முன்னால் வரவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். சம்பந்தியம்மா அண்ணியையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லைன்னா தள்ளி நில்லுங்கம்மா. அடுத்த ஜோடி காத்திருக்கு."

அத்தை தன் பெயரை முழுதாக எழுதினாள். தொழில் என்ற கட்டத்தில், தையல். கணவர் பெயர் என்று அடுத்த கட்டம் கேட்டது. அந்த வீட்டில் எட்டு வருஷமாக யாரும் உச்சரிக்காத பெயரை, அண்ணன் மகளின் கல்யாணக் காகிதத்தில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

குமாஸ்தா அதன்மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.