ஆளுக்கொரு துண்டு

இத்தாலிக்குக் கடலின் மறுகரையில் இருக்கும் எங்கள் துரஸ் நகரில் இத்தாலித் தொலைக்காட்சியை யாருமே பார்ப்பதில்லை. நாட்டை ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்திருக்கிறதே, பார்ப்போமா? அண்ணன் பெஸ்னிக் தகர டப்பாவுக்குள் கம்பியைச் சுற்றி ஆன்டெனாவில் மாட்டியிருந்தது சும்மா அழகுக்கு.

அந்த ஞாயிறு மாலை இத்தாலியின் கால்பந்து ஆட்டம். காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பா திரைச்சீலையை இழுத்துவிட்டார். பெஸ்னிக் துடைப்பக் கம்பால் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பினான். கோல் விழுந்தால் சத்தம் வராமல் கடித்துக்கொள்ள அம்மா ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். என்னிடம் கொடுக்கும்போது மட்டும் முறைத்தாள். பெஸ்னிக்குக்குத் தலைநகர் திரானாவில் மருத்துவம் படிக்க அப்போதுதான் அனுமதி வந்திருந்தது. மாட்டினால் படிப்பு போச்சு, அப்பாவுக்குச் சிறை, நாங்கள் ஏதோ ஒரு சதுப்பு நிலத்தில் மண் வெட்ட வேண்டியதுதான்.

ஆட்டம் முடியும் நேரம். ஒரு இத்தாலிக்காரன் மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு ஓடினான் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பந்து வலைக்குள். துண்டு என் மடியில். "கோல்" என்று நான் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்தார். மேல்மாடியில் கதவு திறந்தது, படிகளில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது, எங்கள் கதவு தட்டப்பட்டது. தோழர் சுலோ! யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கட்சிக்குச் சொல்லும் மனிதர்.

"யாரு கத்துனது?"

"எலி தோழர். பொண்ணு பயந்துட்டா," என்றார் அப்பா.

"எலியா கோல் போட்டுச்சு?"

பெஸ்னிக் முகத்தில் ரத்தமே இல்லை. என் வாயால் அவன் வாழ்க்கை போச்சே என்று எனக்கு அழுகை முட்டியது. சுலோ உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் வீட்டுல படம் போயிடுச்சு. கோல் போட்டது யாரு?"

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் 'பேசாதே' என்று இருந்தது. பொறியாக இருந்தால்? அப்போதுதான் சுலோவின் தோளைக் கவனித்தேன். ஒரு துண்டு கிடந்தது. அதன் ஒரு முனை ஈரமாக, பல் தடத்தோடு.

"இத்தாலி, தோழர். ஒண்ணுக்கு சைபர்," என்றேன்.

சுலோ கண்ணை மூடிக்கொண்டு தொடையில் ஓங்கித் தட்டினார்.

"துண்ட நாலா மடிச்சுக் கடிக்கணும் பொண்ணே. இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்றவர் எங்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பெட்டியப் போடுங்க, ஆட்டம் இன்னும் முடியல."

அம்மா அலமாரியைத் திறந்து, காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.