வெதுவெதுப்பான அறிவிப்பு

பேட்ரிசியா மேசைமேல் வைத்த ஐந்து சோதனைப் பாட்டில்களில் மூன்று மைபோலக் கறுத்திருந்தன. தண்ணீரில் மலக்கிருமி இருந்தால் கறுக்கும். ஸ்ரீரங்கத்தை அடுத்து அவள் வசிக்கும் குடியிருப்பின் போர்வெல் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்பதற்கு அவளுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. திருச்சியில் ஒரு லேபில் பன்னிரண்டு வருடமாக இதே வேலை. எழுபது வீட்டுக்கும் உடனே சொல்லியாக வேண்டும்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் தமிழ்மணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. அரசாங்கம் ஓய்வு கொடுத்துவிட்டது. அவர்தான் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

"ரெண்டு கறுக்கலையேம்மா?"

"மூணு கறுத்திருக்கு சார். மெஜாரிட்டி."

"இது என்ன எலெக்‌ஷனா? அஞ்சும் கறுக்கட்டும், பாப்போம். ஞாயித்துக்கிழமை ஆண்டு விழா. சாக்கடைன்னு நோட்டீஸ் ஒட்டினா சிறப்பு விருந்தினர் டீயாவது குடிப்பாரா?"

அன்று சங்கம் மூன்று மணி நேரம் கூடியது. 'எச்சரிக்கை' மெலிந்து 'வேண்டுகோள்' ஆயிற்று. அதுவும் இளைத்து 'நலக்குறிப்பு' ஆயிற்று. 'கொதிக்க வைத்து' என்பது மிரட்டல் தொனி என்று அடிக்கப்பட்டது. மாலையில் வாட்ஸ்அப் குழுவில் வந்தது: "அன்பு உறவுகளே! வெதுவெதுப்பான நீர் பருகுவோம், நலமுடன் வாழ்வோம்."

ஐம்பத்து மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். ஐம்பத்து நான்காவது பேட்ரிசியா. அவளுக்குக் காலை வணக்கம் சொல்ல உலகத்தில் அந்தக் குழுவை விட்டால் ஆளில்லை.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்குப் போனாள். அவள் உரிமையோடு நுழையும் ஒரே வீடு. பானுமதி கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க, வெந்நீரில் குழாய்த் தண்ணீரைக் கலந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க பானு?"

"தலைவர் வெதுவெதுப்பான்னு போட்டிருந்தாரே அக்கா. கொதிக்கக் கொதிக்கவா குடுப்பாங்க? விளாவிட்டேன்."

விளாவல்! வெந்நீர் என்றால் விளாவாமல் யார் குடிப்பார்கள்? மூன்று மணி நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். பேட்ரிசியா பால் பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நேத்துக் காலைல."

"ராத்திரியும் இதைத்தான் குடிச்சான். விடிஞ்சதுலேருந்து மூணு தரம் பேதி." பானுமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "தெரிஞ்சுமா கும்புடு போட்டீங்க?"

"டாக்டர்ட்ட நானும் வரேன்."

"வேணாங்க."

அக்கா போய் வெறும் 'ங்க' மட்டும் மிஞ்சியிருந்தது.

படியிலேயே நின்று குழுவில் தட்டினாள்: 'குடிநீரில் சாக்கடை. கொதிக்க வைத்து ஆறவையுங்கள். விளாவாதீர்கள்.' ஒரு நிமிடத்தில் செய்தியும் இல்லை, குழுவில் அவளும் இல்லை.

பக்கத்து வீட்டு மணியை அடித்தாள். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"யாருங்க? எந்த ஊர்லேருந்து வரீங்க?"

"பக்கத்து வீடுதாங்க," என்றாள், மூன்று வருடமாக அங்கே குடியிருப்பவள். "தண்ணிய விளாவாதீங்க."