பின்பக்கக் குழாய்

வாடிக்கையாளரின் தலையைக் கழுவுதொட்டியில் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மூத்தவள் மறு கையால் ஷாம்பூவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்த அம்மாள் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கையா இது? உப்புத்தாள் மாதிரி இருக்கு. முடியெல்லாம் மாட்டுது!"

அழகு நிலையத்து முதலாளியம்மா ஓடிவந்து மூத்தவளின் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். நகங்களைச் சுற்றித் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது, மூட்டுகளில் வெடிப்பு. அவள் பார்வை அப்படியே மேலேறி, அகன்றுபோன வகிட்டில் நின்றது.

"நீ பின்னாடி போய் துண்டு துவை. உன் தங்கச்சி இங்க நிக்கட்டும். நிக்கிறவ முடியப் பாத்துதானே வர்றவங்க உக்காருவாங்க?"

தங்கச்சி என்று அவள் சொன்னது இளையவளை. கூடப்பிறந்தவள் இல்லை, ஓரகத்தி. கணவனின் தம்பி மனைவி. காதில் தண்ணீர் போகாமல் தலை அலசுவது எப்படி என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே மூத்தவள்தான். ஒரே வீட்டில் இருந்தவரை இளையவளுக்கும் எலிவால் சடைதான். தனிக்குடித்தனம் போனதிலிருந்து அது அடர்ந்து, எண்ணெய் வைக்காமலே மினுமினுத்தது. முகத்தில் இருந்த வறட்சித் திட்டுகளும் போன இடம் தெரியவில்லை.

பின்பக்கத்தில் துண்டுகளைக் கும்மும்போதெல்லாம் மூத்தவள் கதவிடுக்கில் பார்த்தாள். இளையவள் குனியும்போது சடை முன்னால் விழும். அவள் அதை அலட்சியமாகத் தூக்கிப் பின்னால் போடுவாள். அந்த அலட்சியத்தைத்தான் மூத்தவளால் பொறுக்க முடியவில்லை. சும்மா வருமா இந்த முடி? கடைக் க்ரீமில் கை வைக்கிறாள், சந்தேகமே இல்லை.

மதியம் ஆள் இல்லாத நேரம் பார்த்து இளையவளின் பையைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு குடை.

"என்னக்கா தேடுற?"

கையும் களவுமாகப் பிடிபட்டவள் பாய்ந்தாள். "தலைக்கு என்னத்தடி போடுற? கடைச் சாமானா?"

இளையவளின் முகம் சுருங்கிப்போனது. பையை வாங்கி மூடினாள்.

"தண்ணிக்கா. நம்ம பழைய வீட்டுல, இப்பவும் நீ இருக்கியே, அங்க போர் தண்ணி, ஒரே உப்பு. இப்ப எங்களுக்கு ஏரித்தண்ணி வருது. நம்பலேன்னா நாளைக்கு லீவுதானே, வந்து குளிச்சுப் பாரு."

பொய் என்று நிரூபிக்கவே மூத்தவள் போனாள். கொழுந்தன் கார் ஓட்டும் பெரிய வீட்டின் பின்னறை அது, வாடகை கிடையாது. குளியலறையில் சோப்பைக் கையால் தொட்டதுமே நுரை பொங்கியது. அலசியபின் முடியில் பிசுபிசுப்பில்லை. விரல்கள் வேர்வரை வழுக்கிக்கொண்டு போயின. அவள் மறுபடி ஒருமுறை சோப்புப் போட்டாள். தேவைப்படவில்லை; ஆனாலும் போட்டாள்.

"பாத்தியா?" துண்டோடு நின்ற இளையவள் சிரித்தாள். "வாராவாரம் வாக்கா."

திருட்டுக் க்ரீமாக இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவளைத் திட்டியாவது இருக்கலாம்.

"எனக்கு இந்தத் தண்ணி ஒத்துக்காது, சளி பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு மூத்தவள் ஈரத் தலையோடு கிளம்பினாள். வழியெல்லாம் ஒவ்வொரு கேட்டிலும் வாடகைப் பலகை தொங்குகிறதா என்று பார்த்தபடி நடந்தாள்.

"அந்தத் தெருவுலயா?" என்றான் கணவன், வீடு மாறலாமா என்று அவள் கேட்டதும். "நம்ம ரெண்டு பேரையும் வித்தாக்கூட அங்க ஒரு திண்ணை வாடகைக்குக் கிடைக்காது. என்னை மட்டும் வித்தா பஸ் காசுகூடத் தேறாது."

மறுநாள் அவள் முதலாளியம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம், முன்னாடி மெஷின் வச்சு உப்பெடுத்த தண்ணிதானே வருது. பின்னாடி குழாய்க்கும் அதையே விட்டா கை கொஞ்சம்..."

"அது கஸ்டமருக்கு. துண்டுக்கு எதுக்கு நல்ல தண்ணி?" முதலாளியம்மா கோபப்படவில்லை; கனிவாகவே சொன்னாள். "கை முதல்ல சரியாகட்டும். அப்புறம் நானே உன்னை முன்னாடி நிறுத்துறேன்."

மூத்தவள் வாளிமுன் குந்தினாள். சோப்புக்கட்டியைத் தேய்க்கத் தேய்க்க, தண்ணீர் திரிந்த பாலாகி விரல் வெடிப்புகளில் சுரீரென்றது. உள்ளே யாரோ, "பூ மாதிரி கைம்மா உனக்கு" என்று இளையவளிடம் சொல்லும் குரல் கேட்டது. சுவரோரக் கழிவுக்குழாய் வாயிலிருந்து, முன்பக்கக் கழுவுதொட்டியின் நல்ல தண்ணீர் வெள்ளைவெளேரென்ற நுரையோடு பொங்கிவந்து, அவள் கால் விரல்களை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது.